மலையின் இசைத்தட்டு

நுழையும்முன்

பாடியவர் மறைந்த பின்னும் அவர் பாட்டைக் கேட்க முடிவது, மனிதகுல வரலாற்றில் ஏறத்தாழ 150 ஆண்டுப் பழக்கமே. அதற்கு முன்பு இசை, பாடுவோரின் நினைவிலும் கேட்போரின் செவியிலும் மட்டுமே வாழ்ந்தது. ஒலியைப் பதிந்து வைக்கும் கலை, உலகின் தொலைதூர இசைகளை எல்லாம் நம் வீட்டிற்குள் கொண்டு வந்தது. அதே வேளையில் எது காக்கப்பட வேண்டும், யாருக்காகக் காக்கப்பட வேண்டும் என்னும் வினாக்களையும் எழுப்பியது. நீலகிரி மலையை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

விண்ணேறிய தட்டு

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் வாயேஜர் 1, வாயேஜர் 2 என்னும் இரு விண்கலங்களை ஏவியது. ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய செம்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. என்றேனும் வேற்றுலக உயிர்கள் அதனைக் கண்டெடுத்தால் புவியின் ஒலிகளை அவை அறிய வேண்டும் என்பதே நோக்கம். அறிவியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு 27 இசைப்பகுதிகளை அத்தட்டிற்கெனத் தேர்ந்தெடுத்தது. 16ஆம் நூற்றாண்டு இறுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆண்டனி ஹோல்போர்ன் இயற்றிய நடன இசை, செருமானிய இசைமேதைகளான பாக், பீத்தோவன் ஆகியோரின் படைப்புகள், அமெரிக்கக் கிதார் கலைஞர் சக் பெர்ரியின் ராக் பாடல் ஆகியவை அதில் இடம்பெற்றன. இந்தியாவிலிருந்து இந்துஸ்தானி இசைக்கலைஞர் கேசர்பாய் கேர்க்கரின் குரல் சென்றது.

அத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துரைகளும் பதியப்பட்டன. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் அவற்றுள் உண்டு, தமிழ் இல்லை. இதனைக் குறையாகச் சொல்லி வருந்துவதைவிட, இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வது நன்று. எத்தட்டும் அளவுடையது. எவரோ சிலர் அமர்ந்து தேர்ந்தெடுத்தவையே அதில் ஏறுகின்றன. ஏறியவை எதிர்காலத்தின் செவியை அடைகின்றன. ஏறாதவை பாடுவோர் உள்ளவரை வாழ்கின்றன.

தமிழகத்தின் மேற்கு எல்லையில் நிற்கும் நீலகிரிக்கென ஓர் இசைத்தட்டு உருவாக்குவதாகக் கொள்வோம். அதில் எவற்றைப் பதிவது? இவ்வினாவிற்கு விடை தேடுமுன், இசையைக் காக்க மனிதன் கைக்கொண்ட வழிகளை அறிதல் வேண்டும்.

கல்லும் ஏடும்

ஒலியைப் பதியும் கருவி தோன்றுவதற்கு முன்பே இசையை எழுதி வைக்கும் முயற்சி தோன்றிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக்கல்வெட்டு உள்ளது. சுரங்களின் கோவைகளைப் பாறையில் வெட்டிவைத்த அரிய ஆவணம் அது. ஆனால், அக்கல்வெட்டைப் படிப்பவருக்குச் சுரத்தின் பெயர் தெரியுமே அன்றி, அன்று பாடியவரின் குரல் கேட்பதில்லை.

தேவாரத்தின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. தில்லையில் கிடைத்த ஏடுகளிலிருந்து பாடல்கள் மீட்கப்பட்டபோது அவற்றின் பண்முறை மறைந்திருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரைக் கொண்டு பண்கள் மீண்டும் வகுக்கப்பட்டன என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. சொல்லை ஏடு காத்தது. இசையைக் காக்க ஒரு மரபின் நினைவு வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி குயிதோ, கோடுகளின்மேல் குறியிட்டுச் சுரத்தின் உயரத்தைக் காட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் பயனாகத் தேவாலயப் பாடல்கள் ஏடுகளில் நிலைபெற்றன. 12ஆம் நூற்றாண்டில் செருமனியில் வாழ்ந்த பெண்துறவி இல்டெகார்டு இயற்றிய பாடல்கள் அவ்வாறு எஞ்சியவை. பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் பாடப்படாமல் கிடந்த அவற்றை, 1980களில் கோதிக் வாய்சஸ் என்னும் இங்கிலாந்துக் குழு பாடிப் பதிவுசெய்தது. அதன் பின்னரே உலகெங்கும் உள்ளோர் அவரை அறிந்தனர். எழுத்து அப்பாடல்களுக்கு உயிர்ப்பிடி தந்தது. ஒலிப்பதிவு அவற்றுக்கு மீண்டும் செவிகளைத் தந்தது.

அரக்கில் பதிந்த குரல்

1877ஆம் ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராப் என்னும் கருவியை உருவாக்கினார். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வு மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் உருளையின்மீது மேடுபள்ளமாகக் கோடு கீறும். பின்னர் அதே கோட்டில் ஊசியை ஓடவிட்டால், அது தகட்டை அசைத்து முதலில் ஒலித்த ஒலியையே எழுப்பும். உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டத்தகட்டைப் பயன்படுத்தும் முறையை எமில் பெர்லினர் உருவாக்கினார். அதுவே கிராமபோன்.

1902ஆம் ஆண்டு கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவிற்கு வந்து பாடகர்களின் குரலைப் பதிந்தார். இந்திய இசைப்பதிவின் தொடக்கக் காலப் பெருங்குரலாக விளங்கிய கௌஹர் ஜான் அப்போது பாடினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் தம் பெயரை அறிவிப்பது வழக்கம். தொலைவில் செருமனியில் தட்டு வார்ப்போர் பாடியவர் யாரெனத் தெரிந்துகொள்ள அது உதவியது.

அக்காலத் தட்டுகள் அரக்கைக் கொண்டு செய்யப்பட்டவை. அரக்குப்பூச்சி மரக்கிளைகளில் கசியவிடும் பிசினே அரக்கு; அதனை உலகிற்கு வழங்கிய நாடுகளுள் இந்தியா முதன்மையானது. ஐரோப்பாவின் இன்னிசையும் அமெரிக்காவின் நடனப்பாட்டும் இந்தியக் காட்டுப்பொருளின்மீதே பதியப்பட்டு உலகைச் சுற்றின.

அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். எனவே, மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனையை இசைவாணர்கள் 3 நிமிடங்களுக்குள் சுருக்கினர். சிம்பொனி என்னும் ஐரோப்பியப் பல்லிய இசை பல தட்டுகளாகத் துண்டாடப்பட்டது. திரைப்பாடல் இன்றளவும் 3 முதல் 5 நிமிடத்தில் முடிவதற்கு அந்தப் பழைய தட்டின் அளவும் ஒரு காரணம். கலத்தின் வடிவை நீர் கொள்வதுபோலக் கருவியின் அளவை இசை ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

ஒலிப்பதிவின் படிநிலைகள்
1877 – எடிசனின் போனோகிராப்
1925 – ஒலிவாங்கி வழியான மின்பதிவு பரவத் தொடங்குதல்
1948 – நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டு
1963 – பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழை
1982 – குறுந்தகடு. இதில் ஒலி, நொடிக்கு 44,100 முறை அளவிடப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது.

நீலமலையின் பாட்டு

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறிவிக்கப்பட்டுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 இனத்தாரும் நீலகிரியில் வாழ்கின்றனர். எண்ணிக்கையில் மிகுந்த படுகரும் இம்மலையில் வாழ்கின்றனர். ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்த பேச்சும் தனித்த இசையும் உண்டு. கிராமபோன் நிறுவனங்கள் பெருநகரங்களின் பாடகர்களை நாடியபோது இவ்விசைகள் விற்பனைக்குரிய பொருளாகக் கருதப்படவில்லை. இவற்றின்பால் முதலில் செவிசாய்த்தோருள் ஆய்வாளர்களே மிகுதி.

கனடாவில் பிறந்த மொழியியலறிஞர் மர்ரே எமனோ, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆய்வு செய்தார். தாமஸ் பரோவுடன் இணைந்து திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை உருவாக்கியவர் இவரே. நீலகிரியில் தோடர்களோடும் கோத்தர்களோடும் பழகிய அவர், தோடர்கள் சொல்லக் கேட்டுப் பாடல்களை எழுத்தில் பதிந்தார். அத்தொகுப்பு 1971ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் நூலாக வெளிவந்தது.

தோடர் பாடல் தனிச்சிறப்புடையது. எருமை, பால்மனை, குன்று, ஊர், மறைந்த உறவினர் ஆகியவற்றைப் பற்றிய சொற்றொடர்கள் அவர்கள் மரபில் நிறைந்து கிடக்கின்றன. அவை இணை இணையாக அமைந்தவை. ஒன்றைச் சொன்னால் அதற்கு ஈடான மற்றொன்று பின்தொடரும். அவற்றைக் கோத்து அந்தந்த நிகழ்விற்கேற்ப அவ்வப்போதே பாட்டுக் கட்டுவர். புலவர் என்று தனியாக ஒருவர் இல்லை; பாடவல்லோர் ஊரில் பலர். இத்தகைய இலக்கியத்தை எமனோவின் ஏடு நமக்குத் தந்தது. ஆயினும், எழுத்தில் இறங்கியவை சொற்களே. சொல்லைச் சுமந்த குரலின் ஏற்றஇறக்கம் ஏட்டில் ஏறவில்லை. தேவார ஏடுகளுக்கு நேர்ந்த நிலையே இங்கும் நேர்ந்தது.

கோத்தர்களின் இசை வேறு வகையானது. அவர்கள் இரும்புவேலை, மரவேலை, மட்பாண்டத் தொழில் ஆகியவற்றில் வல்லவர்கள். மலையின் பிற இனத்தாருக்குக் கருவிகள் செய்தளித்தவர்கள். இசைக்கலைஞர்களும் அவர்களே. தோடர், படுகர் இல்லங்களின் இறுதிச்சடங்குகளில் கோத்தர் இசை ஒலிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1930களில் அவ்வழக்கம் பெரிதும் தளர்ந்தது. இரட்டை நாக்குடைய 'கொள்' என்னும் குழல், வளைந்த பித்தளைக் கொம்பு, பறைகள், உருளை முழவுகள் ஆகியவை சேர்ந்ததே அவர்களது இசைக்குழு. 'கொள்' என்னும் சொல் அக்குழலை மட்டுமன்றி அதில் வாசிக்கப்படும் மெட்டையும் குறிக்கும். தெய்வ மெட்டு, ஆட்ட மெட்டு, இறப்பு மெட்டு என மெட்டுகள் பிரிந்து நிற்கின்றன.

அமெரிக்க இசையாய்வாளர் ரிச்சர்டு உல்ஃப் 1990களின் தொடக்கத்தில் கோத்தர்களிடையே தங்கி, இவ்விசையை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். தமிழகத்தில் வீணை பயின்றவர் அவர். 2005ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலின் தலைப்பு, கரும்பசு ஒன்றின் அடிச்சுவட்டைக் குறிக்கிறது. அப்பசு முன்னே நடக்க, அது நின்று காட்டிய இடங்களில் தங்கள் ஊர்கள் அமைந்தன என்பது கோத்தர்களின் தொன்மம். காலம், இடம், இசை மூன்றும் கோத்தர் வாழ்வில் பின்னிக் கிடப்பதே அந்நூலின் மையப்பொருள்.

இக்கருத்து தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், யாழும் பறையும் கருப்பொருள்களுள் அடங்குவன எனவும் வகுத்தது தொல்காப்பியம். குறிஞ்சிக்குரிய பறை வேறு. நெய்தலுக்குரிய பறை வேறு. கோத்தர்களிடமும் தெய்வ மெட்டுக்கு உரிய இடம் கோயில். உரிய காலம் டிசம்பர், சனவரித் திங்கள்களை ஒட்டி வரும் ஐயனோர், அம்மனோர் விழா. இறப்பு மெட்டுக்கு உரிய இடம் இறப்பு நிகழ்ந்த களம். நிலத்திலும் பொழுதிலும் வேரூன்றிய இசை என்பது இதுவே.

மலையேறி வந்த இசைகள்

நீலகிரி தன் இசையை மட்டும் கேட்டு வாழ்ந்த மலை அன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உதகையில் குடியேறினர். அது சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. 1830களின் தொடக்கத்தில் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயம் போன்ற இடங்களில் ஐரோப்பியப் பக்திப்பாடல்கள் ஒலித்தன. பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரேநேரத்தில் இயைந்து பாடும் முறை மலைக்கு வந்து சேர்ந்தது.

தேயிலைத் தோட்டங்கள் வேறோர் இசையைக் கொணர்ந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை அளிப்பதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ நிறுவனமாக வளர்ந்தது. தப்பும் காமன் கூத்தும் தோட்டப்பாட்டும் அவர்கள் மரபில் இருந்தன. கடல் கடந்து ஒருமுறையும் மலை கடந்து மறுமுறையும் பெயர்ந்த அவ்விசைக்குச் சுமையாகத் தூக்க வேண்டிய பெட்டி எதுவும் தேவைப்படவில்லை. இலங்கை மலையகப் பாடல்களைக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து அச்சேற்றினார். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையோ, இசைத்தட்டில் பதிந்த திரைப்பாடல்களைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது.

உதகையில் 1967ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமும் இவ்வரலாற்றில் ஓரிடம் பெறும். அங்கு உருவான பொருள்களுள் கறுப்பு வெள்ளைத் திரைப்படச்சுருளும் ஒன்று. திரைப்படச்சுருளின் ஓரத்தில் ஒலி, ஒளிக்கோடாகப் பதியப்படும். கோட்டின் வழியே பாயும் ஒளி கூடியும் குறைந்தும் மாற, அம்மாற்றம் மின்னலையாகி ஒலிபெருக்கியில் பாட்டாகும். ஒளி, ஒலியைச் சுமந்த காலம் அது.

பின்னர் ஒலிநாடாப் பேழை வந்தது. நெகிழிநாடாவில் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் காந்தமாகி ஒலியைப் பிடித்து வைத்தன. தட்டு வார்க்கப் பெருந்தொழிற்சாலை வேண்டும். நாடாவில் பதியச் சிறு கருவி ஒன்றே போதும். இம்மாற்றத்தின் விளைவு பெரிது. பெருநிறுவனங்கள் ஏறெடுத்துப் பாராத சிறுமொழிப் பாடல்களும் வட்டாரப் பாடல்களும் இந்தியாவெங்கும் நாடாவில் ஏறின. படுகமொழிப் பாடல்களும் அவ்வாறே பதிவாகி இல்லங்களில் ஒலித்தன. கேட்போராக மட்டும் இருந்தவர்கள் பதிவோராகவும் ஆயினர்.

இரும்பிலிருந்து எழுந்த இசை

மின்சாரக் கிதாரும் ஒலிபெருக்கியும் இணைந்து 1950களில் ராக் இசை வளர்ந்தது. அதிலிருந்து கிளைத்த மெட்டல் இசையின் பிறப்பு, ஒலிப்பதிவின் ஆற்றலைக் காட்டும் சிறந்த சான்றாகும். இங்கிலாந்தின் தொழில்நகரமான பர்மிங்காமில் உலோகத்தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர் டோனி அயோமி. 17 வயதில் அங்கு நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். அவர் கிதாரின் நரம்புகளை அழுத்துவது அக்கையால்தான். இனி இசை இல்லை என்று சோர்ந்திருந்தவரிடம், தொழிற்சாலையில் அவருக்கு மேலாளராக இருந்தவர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் செய்தார். அது ரோமானி என்னும் நாடோடி இனத்தில் பிறந்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்த கிதார் இசை. ரெய்ன்ஹார்ட் தீவிபத்தில் கை கருகி, பெரும்பாலும் இரு விரல்களையே கொண்டு வாசித்தவர்.

அவ்விசை அயோமிக்கு நம்பிக்கை அளித்தது. நெகிழிக் குப்பியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். பின்னாளில் விரல் வலிக்காதிருக்க நரம்புகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். சுருதி தாழ்ந்தது; ஒலி கனத்தது. 1970ஆம் ஆண்டு வெளிவந்த பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டு, மெட்டல் இசையின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. ஒரு நாடோடிக் கலைஞரின் விரலசைவு அரக்குத் தட்டில் பதிந்திராவிடில் இவ்விசை இவ்வாறு பிறந்திராது. ஆகவே, ஒலிப்பதிவு பழைய இசையைக் காக்கும் பேழை மட்டுமன்று. புதிய இசை முளைக்கும் வித்துமாகும்.

இத்தகைய முளைப்பு தமிழகத்திலும் நிகழ்ந்தது. 1986ஆம் ஆண்டு இளையராஜா வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு, பாக், தியாகராசர் ஆகிய இருவருக்கும் படைக்கப்பட்டது. 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, சென்னையின் கானாவையும் பறையையும் ராக் இசையோடு இணைத்தது. நியூசிலாந்தில் ஏலியன் வெப்பன்ரி என்னும் இளைஞர் குழுவினர், தங்கள் முன்னோரின் மாவோரி மொழியில் மெட்டல் பாடல்களைப் பாடி உலகெங்கும் கேட்போரைப் பெற்றுள்ளனர். பேசுவோர் குறைந்த மொழி பழைய பாட்டில் மட்டுமே வாழ வேண்டும் என்னும் விதியில்லை.

காப்பதும் இழப்பதும்

ஒலிப்பதிவு நன்மையே தருவது எனின், எல்லாவற்றையும் பதிந்து வைத்தால் போதுமே என்று தோன்றலாம். அவ்வளவு எளிதன்று. பதியும்போதே சில இழக்கப்படுகின்றன.

முதல் இழப்பு, பொழுதும் இடமும் ஆகும். இறப்புக் களத்திற்குரிய கோத்தர் மெட்டு ஒன்று, திருமண ஊர்வலத்தின் ஒலிபெருக்கியில் ஒலிப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஓசையில் ஒரு பிழையும் இராது. ஆயினும் பொருள் முற்றும் பிறழ்ந்திருக்கும். கருப்பொருளை முதற்பொருளிலிருந்து பெயர்த்தெடுக்கும் ஆற்றல் ஒலிப்பதிவிற்கு உண்டு. அதனாலேயே ஒரு பதிவோடு இது யாருடையது, எங்கே, எப்போது இசைக்கப்படுவது என்னும் குறிப்பும் சேர்த்துக் காக்கப்பட வேண்டும். குறிப்பற்ற பதிவு, முகவரியற்ற மடல் போன்றது.

இரண்டாவது, ஒலியின் நுட்பம். விசைப்பலகைக் கருவியில் ஒரு ஸ்தாயிக்குள் 12 சுரத்தானங்களே உண்டு. மலையினத்தாரின் குழல்கள் அவ்வளவிற்கு அடங்குபவை அல்ல. அவ்விசையை விசைப்பலகையில் வாசித்துப் பதிந்தால், இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒலிகள் விடுபட்டுப் போகும். கணினியால் குரலைத் திருத்தி நேராக்கினாலும் இதே இழப்பு நேரும். பிழையெனத் திருத்தப்படுவது பல வேளைகளில் மரபின் தனி அடையாளமாக இருக்கும்.

மூன்றாவது, உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ஒலிப்பதிவின் உரிமையை அதனை உருவாக்கியவருக்கு, வெளியான ஆண்டிற்குப் பின் 60 ஆண்டுகள் வரை அளிக்கிறது. 1994ஆம் ஆண்டின் திருத்தம் பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் உரிமை வழங்கியது. ஆனால், ஊரே சேர்ந்து தலைமுறை தலைமுறையாகக் காத்த மெட்டுக்கு ஆசிரியர் யார்? தனியொருவரை முன்வைத்து எழுதிய சட்டத்தில் அதற்கு இடம் காண்பது அரிது. எனவே, பதிவோர் ஊராரின் இசைவைப் பெறுவதும், பதிந்ததன் படியை அவர்களிடமே ஒப்படைப்பதும் அறமாகின்றன.

இவ்வறத்தைச் செயலில் காட்டியோரும் உண்டு. அர்னால்டு பேக் என்னும் நெதர்லாந்து அறிஞர் 1938இல் தென்னிந்தியாவில் செய்த ஒலிப்பதிவுகளை, 1984இல் நசீர் ஜெய்ராஸ்பாய், ஏமி கேட்லின் ஆகியோர் அவை பதியப்பட்ட ஊர்களுக்கே எடுத்துச்சென்று அம்மக்கள் கேட்கச் செய்தனர். அயல்நாட்டு ஆய்வாளர்களின் பதிவுகள் இந்தியாவிலும் கிடைக்க வேண்டும் என்னும் நோக்கில் 1982இல் தொடங்கப்பட்ட இசையாவணக் காப்பகம் ஒன்று குருகிராமில் இயங்கி வருகிறது. நீலகிரியிலேயே கோத்தகிரியிலிருந்து ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி, மலைவாழ் மக்களின் மொழிகளில் அவர்கள் குரலையே அவர்களுக்குக் கேட்கச் செய்கிறது.

ஒரு குரல் கூறும் செய்தி

நீலகிரியை அடுத்துள்ள கேரளத்தின் அட்டப்பாடியில் வாழும் இருளர் இனப் பாடகி நஞ்சியம்மா. இசைப்பள்ளியில் பயிலாதவர், ஆடு மாடு மேய்த்தும் ஊர்விழாக்களில் பாடியும் வாழ்ந்தவர். 2020இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளத் திரைப்படத்திற்காக அவர் இருளமொழியில் பாடிய பாடல், இணையம் வழியே மக்களைப் பரவலாகச் சென்றடைந்தது. அப்பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022ஆம் ஆண்டு அவருக்கு அறிவிக்கப்பட்டது.

அப்போது, முறையாகப் பயின்ற பாடகர்கள் இருக்க இவருக்கு விருது வழங்கலாமா என்று சிலர் வினவினர். அவ்வினாவையே மறுத்துப் பலர் குரல் கொடுத்தனர். இவ்விவாதம் ஒரு விருதோடு முடிவதன்று. இசையின் தரத்தை அளக்கும் கோல் ஒன்றே ஒன்றுதானா என்பதே அதன் உள்ளிருக்கும் வினா. ஐரோப்பியச் சிம்பொனியை அளக்கும் கோலால் கருநாடக இசையை அளத்தல் தகாது என்பதை நாம் ஏற்கிறோம். அவ்வாறாயின், கருநாடக இசையை அளக்கும் கோலால் இருளர் பாட்டை அளப்பதும் தகாதன்றோ?

தட்டில் எவை ஏறும்?

இனி, நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். நீலகிரியின் இசைத்தட்டில் தோடர் பாட்டும் கோத்தர் குழலும் இருளர் முழவும் இடம்பெற வேண்டும். தேவாலயத்தின் கூட்டுக்குரலும், தேயிலைத் தோட்டத்துத் தப்பும், வானொலி கொணர்ந்த திரைப்பாட்டும் இம்மலையின் ஒலிகளே. இன்றைய இளைஞர் தம் தாய்மொழியில் மின்கிதாரோடு பாடும் பாட்டிற்கும் அதில் ஓரிடம் ஒதுக்க வேண்டும். பழமை மட்டுமே தூயது எனக் கொள்வது, இம்மக்களை அருங்காட்சியகப் பொருளாகக் காண்பதாகும்.

அதனினும் முதன்மையானது தேர்வுக்குழு. வாயேஜர் தட்டிற்குத் தேர்ந்தவர்கள் தொலைவிலிருந்த சிலர். மலையின் தட்டிற்குத் தேர்வோர் அம்மலையின் மக்களாக இருத்தல் வேண்டும். எம்மெட்டைப் பதியலாம், எதனைக் களத்திற்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. பதியாமல் விடுவதும் காத்தலின் ஒரு வகையே.

ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. எடிசனின் உருளையைக் காட்டிலும், கெய்ஸ்பெர்க் சுமந்து வந்த பெட்டிகளைக் காட்டிலும் ஆற்றல் மிக்கது நம் கைப்பேசி. ஆனால், தோடமொழியும் கோத்தமொழியும் பேசுவோர் சில ஆயிரம் பேர்கூட இல்லை. அரக்குத் தட்டு உடையும். மலையின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் படரும். எண்ணிமக் கோப்பும் ஒருநாள் திறவாது போகும். பாட்டன் பாட, அருகிலிருந்து பேரன் கற்கும் வழக்கம் நின்றுவிட்டால், எத்தனை பதிவுகள் இருந்தும் குடுமியான்மலைக் கல்வெட்டைப் போல் அவை நம்மைப் பார்த்து நிற்கும். பாடுவோர் இருக்கும்வரை ஒலிப்பதிவு அவர்களுக்குத் துணை. பாடுவோர் அற்றுப்போனால் அது நினைவுச்சின்னம். துணையாக அதனை வைத்திருப்பது இத்தலைமுறையின் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் குறிப்பிட்ட காலத்திலோ இடத்திலோ மட்டும் பாடப்படும் பாடல் ஒன்றைக் கண்டறிந்து, பாடுவோரின் இசைவு பெற்றுக் கைப்பேசியில் பதிக. பாடியவர், இடம், காலம், சூழல் ஆகிய குறிப்புகளை உடன் எழுதுக.
2. உங்கள் மாவட்டத்திற்கென ஓர் இசைத்தட்டு உருவாக்கினால் அதில் இடம்பெற வேண்டிய 10 ஒலிகளைப் பட்டியலிட்டு, தேர்வுக்கான காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா

1. தோடர் பாடல்களின் அமைப்பைக் குறிப்பிடுக.
2. அரக்குத் தட்டின் அளவு இசையின் வடிவை எவ்வாறு மாற்றியது?

சிறுவினா

1. 'கருப்பொருளை முதற்பொருளிலிருந்து பெயர்த்தெடுக்கும் ஆற்றல் ஒலிப்பதிவிற்கு உண்டு' – கோத்தர் இசையைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. ஒலிப்பதிவு புதிய இசைக்கு வித்தாவதை மெட்டல் இசையின் பிறப்புக் கொண்டு எழுதுக.

நெடுவினா

ஒலிப்பதிவு ஒரு மரபைக் காக்கிறதா, மாற்றுகிறதா? கட்டுரைச் செய்திகளோடு உங்கள் கருத்துகளையும் இணைத்துக் கட்டுரைக்க.